நியம நுண்வரைபுத் தொகுப்புகள் – ஒரு விமர்சன நோக்கு

1

கட்டிடங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அவற்றின் முகப்பையும் தள அமைப்பையும் சுற்றியே நிகழ்கின்றது. ஆயினும் ஒரு கட்டிடம் நீடித்து நிற்பதும் ஈரமூறிச் சிதைவதும் அதன் பொருத்துகளிலேயே பெரிதும் தீர்மானிக்கப்படுகின்றன. சுவர் யன்னலைச் சந்திக்கும் இடம், கூரை சுவரைச் சந்திக்கும் இடம், சுவர் அத்திவாரத்தின் மீது அமரும் இடம் என்பன அத்தகையவை. இவ்விடங்களை ஐந்திலொன்று, பத்திலொன்று என்ற அளவுத்திட்டங்களில் பெருப்பித்துக் காட்டும் வரைபடத்தையே கட்டிடக்கலைஞர் 'டீற்றெயில்' என்பர். அதனை நுண்வரைபு என ஈண்டு வழங்குதல் பொருந்தும்.

ஒவ்வொரு கட்டிடத்துக்கும் நுண்வரைபுகளைப் புதிதாக வரைதல் வீண் உழைப்பாகும். அதுமட்டுமன்றி, முன்னர் பிழைபட்டுத் திருத்தப்பெற்ற ஒன்றை மீண்டும் பிழைபட வரைவதற்கும் அது இடமளிக்கும். எனவே, பயன்பாட்டிற் தேறிய வரைபுகளைத் தொகுத்து வைத்து வேண்டியபோது எடுத்தாளும் வழக்கம் தோன்றியது. ரம்சே, ஸ்லீப்பர் ஆகிய இருவரும் 1932 இல் அமெரிக்காவில் வெளியிட்ட 'ஆர்க்கிரெக்சரல் கிரபிக் ஸ்ராண்டட்ஸ்' என்னும் பெருந்தொகுப்பு இவ்வழக்கத்தின் அச்சுருவம் எனலாம். பல தலைமுறைக் கட்டிடக்கலைஞரின் வரைமேசையில் அந்நூல் இடம்பெற்றிருந்தது.

கணனியின் வருகை இவ்வழக்கத்துக்கு முன்னொருபோதும் இல்லாத வேகத்தைத் தந்தது. அந்த வேகத்தில் எஞ்சி நின்றது எது, உதிர்ந்து போனது எது என்ற வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. நியம நுண்வரைபு ஒவ்வொன்றும் ஏதோவொரு வினாவுக்குக் கிடைத்த விடையாகும். மழை எத்திசையில் வீசும், சுவர் எப்பொருளால் ஆனது, கொத்தனாரின் கை எவ்வளவு நுட்பத்தைத் தாங்கும் என்பனவே அவ்வினாவின் கூறுகள். மென்பொருட் தொகுப்புகள் விடையைச் செவ்வனே பேணுகின்றன, வினாவைப் பேணுவதில்லை. இக்குறைபாட்டின் தோற்றத்தையும் விளைவையும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

வரைபடத்தைக் கணனியில் மீளப் பயன்படுத்துதல் என்ற எண்ணத்தின் மூலத்தை 1963 இற் காணலாம். அவ்வாண்டில் மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஐவன் சதர்லாந்து தமது கலாநிதிப் பட்ட ஆய்வாக 'ஸ்கெச்பாட்' என்னும் முறைமையை உருவாக்கினார். அதில் ஓர் உருவை மூலமாக வரைந்து வைத்து, அதன் படிகளை வேண்டிய இடங்களில் வேண்டிய அளவில் இடக்கூடியதாகவிருந்தது. மூலத்தில் ஒரு கோட்டை மாற்றினால் படிகள் யாவும் ஒருங்கே மாறின. படி என்பது இங்கு பிரதி அன்று. மூலத்தோடு தொப்புள்கொடி அறாத உறவுடையது. இவ்வுறவே சதர்லாந்து கண்ட புதுமையின் சாரம்.

1982 இல் வெளிவந்து உலகெங்கும் பரவிய 'ஓட்டோகாட்' இவ்வெண்ணத்தைப் 'புளொக்' என்ற வடிவில் ஏற்றது. ஆனால் உறவின் எல்லை அதில் ஒரே கோப்பினுள் அடங்கிவிட்டது. ஒரு கோப்பில் உள்ள புளொக்கைத் திருத்தினால் அக்கோப்பில் உள்ள அதன் படிகள் திருந்தும். அதே புளொக்கை முன்னரே எடுத்துச் சென்ற பிற கோப்புகளில் பழைய உருவே நிலைத்திருக்கும். வெளிக்கோப்பு ஒன்றை இணைப்பாகவே வைத்திருக்கும் வசதி 1990 இல், அம்மென்பொருளின் பதினோராவது பதிப்பிற் சேர்ந்தது. எனினும் பொது வழக்கு அதன்வழி முழுமையாகச் செல்லவில்லை. இதற்கு நியாயமான காரணமும் உண்டு. கட்டுமானத்துக்கென ஒப்பமிட்டு அனுப்பிய வரைபடம், அலுவலகத்தின் வேறொரு மூலையில் யாரோ மூலத்தைத் திருத்தியமையால் தானே மாறிவிடுதல் பொறுப்பு வாய்ந்த செயலன்று. ஆகவே வெட்டி ஒட்டிய பிரதியே பாதுகாப்பானது எனக் கருதப்பட்டது.

2000 ஆம் ஆண்டில் வெளிவந்து 2002 இல் ஓட்டோடெஸ்க் நிறுவனத்தின் உடைமையான 'ரெவிற்' கோடுகளுக்குப் பதிலாகச் சுவர், கதவு, தளம் என்னும் பொருள்களைக் கையாள்கின்றது. அதிலே சுவரின் தடிப்பை மாற்றினால் வெட்டுமுகங்கள் யாவும் தாமே மாறும். எனினும் நுண்வரைபுத் தொகுப்பைப் பொறுத்தவரை அங்கும் பழைய நிலையே பெரிதும் தொடர்கின்றது. தொகுப்பிலிருந்து எடுக்கப்படும் நியம வரைபுகள் பெரும்பாலும் மாதிரியுருவோடு தொடர்பில்லாத தட்டைக் கோட்டுப்படங்களாகவே வந்து சேர்கின்றன. மாதிரியுருவிற் சுவர் 200 மில்லிமீற்றரிலிருந்து 150 ஆகக் குறைந்தாலும் நுண்வரைபிற் சுவர் 200 ஆகவே நிற்கும். முழுக் கட்டிடமும் ஒன்றையொன்று அறியும் உறுப்புகளாலானது என்ற உறுதிமொழி, மழைநீர் புகும் அந்த ஒரு பொருத்திலேயே கைவிடப்படுகின்றது.

ஆக, சதர்லாந்தின் தொப்புள்கொடி இருமுறை அறுந்துள்ளது. நுண்வரைபு தன் மூலத்திலிருந்தும் பிரிந்தது. தான் சேர்ந்த கட்டிடத்திலிருந்தும் பிரிந்தது.

3

பிரிந்தவற்றை மீண்டும் ஒழுங்குசெய்யும் முயற்சியே வகைப்படுத்தல். இவ்வகையில் வட அமெரிக்காவில் வழங்கும் 'மாஸ்ரர்போமற்' என்னும் எண்முறை பரவலானது. நெடுங்காலம் 16 பிரிவுகளைக் கொண்டிருந்த இம்முறை 2004 இல் 50 பிரிவுகளாக விரிக்கப்பட்டது. கற்கட்டு 04, ஈரத்தடுப்பு 07, கதவு யன்னல் 08, மேற்பூச்சு 09 என அதன் எண்கள் அமையும். அலுவலகங்கள் பல தமது நுண்வரைபுகளையும் இவ்வெண்களின் கீழேயே கோப்பிலிடுகின்றன.

விலை கேட்பதற்கும் வேலையைப் பிரித்துக் கொடுப்பதற்கும் இம்முறை மிகப் பொருத்தமானது. நுண்வரைபுக்கோ அது பொருந்துவதில்லை. யன்னற் படியின் நுண்வரைபு ஒன்றை எடுத்துக்கொள்ளின், அதிலே கல் உண்டு, நீர்தடுப்புத் தகடு உண்டு, யன்னற் சட்டம் உண்டு, சாந்துப்பூச்சும் உண்டு. அது நான்கு பிரிவுகளுக்கும் உரியது. ஒன்றிலேனும் முழுமையாக அடங்குவதில்லை. பொருட்களைப் பிரிப்பது மாஸ்ரர்போமற்றின் நோக்கம். அவற்றைச் சேர்ப்பது நுண்வரைபின் நோக்கம். சேர்க்கையைப் பிரிவின் பெயரால் தேடுபவர் கண்டடைவது தற்செயலே.

அத்திவாரம், புறச்சுவர், கூரை எனக் கட்டிட உறுப்பின்வழி வகுக்கும் முறை இதனிலும் மேலானது. எனினும் அதுவும் 'எங்கே' என்ற வினாவுக்கு மட்டுமே விடை தருகின்றது. 'ஏன்' என்பதற்குத் தருவதில்லை. ஒரே கூரையிறுதிக்கு ஏழு நுண்வரைபுகள் ஒரே கோப்புறையில் இருக்கக்கூடும். அவற்றுள் எதனை, எப்போது, எக்காரணம் பற்றித் தேர்வது என்பதைக் கோப்பின் பெயர் கூறாது. அதனைக் கூறவல்லவர் அலுவலகத்தின் மூத்த வரைஞர் ஒருவரே. அவர் ஓய்வுபெற்ற மறுநாள் அத்தொகுப்பு வெறுங் கோடுகளாகி விடுகின்றது.

4

நுண்வரைபு எதனால் ஆனது என்பதைத் தெளிவுபடுத்தியவர்களுள் எட்வேட் அலன் குறிப்பிடத்தக்கவர். 1993 இல் வெளிவந்த அவருடைய 'ஆர்க்கிரெக்சரல் டீற்றெயிலிங்' என்னும் நூல் ஆயத்த வரைபுகளின் தொகுப்பன்று. அவ்வரைபுகளுக்குப் பின்னால் உள்ள காரணங்களின் தொகுப்பு. கட்டிடத்தினுள் நீர் புகுவதற்கு மூன்று நிபந்தனைகள் ஒருங்கே வேண்டும் என்பது அதன் அடிப்படை. நீர் இருத்தல் வேண்டும். துவாரம் இருத்தல் வேண்டும். அத்துவாரத்தினூடே நீரைச் செலுத்தும் விசை இருத்தல் வேண்டும். ஈர்ப்பு, மேற்பரப்பிழுவை, மயிர்த்துளை விளைவு, உந்தம், வளியமுக்க வேறுபாடு என்பன அவ்விசைகள்.

இவ்வாறு நோக்கும்போது யன்னற் படியின் ஒவ்வொரு கோடும் பொருள் பெறுகின்றது. படியின் மேற்புறம் வெளிநோக்கிச் சரிந்திருப்பது ஈர்ப்பை நீரை வெளியேற்றும் துணையாக்குவதற்கு. படியின் அடியில் வெட்டப்படும் சிறு காடி, மேற்பரப்பிழுவையால் ஒட்டி உள்நோக்கி ஓடும் துளியை அறுத்து விழுத்துவதற்கு. இரு பொருட்களுக்கிடையே விடப்படும் சற்று அகன்ற இடைவெளி, மயிர்த்துளை விளைவால் நீர் ஏறாதிருப்பதற்கு. காடியை அழகுக்கெனக் கருதி நீக்குபவர் ஒரு கோட்டையன்று, ஒரு காரணத்தையே நீக்குகின்றார்.

தொகுப்பின் குறைபாடு இங்கு வெளிப்படையாகின்றது. மென்பொருட் கோப்பில் அக்காடி ஒரு வளைகோடு. அதன் பக்கத்தில் அளவு எழுதப்பட்டிருக்கும்; பணி எழுதப்பட்டிராது. வரைபவர் அதனை அறிந்திருந்தால் காப்பார். அறியாதிருந்தால், கோடுகள் நெருங்கித் தோன்றும்போது முதலில் அழிப்பது அதனையே.

5

காரணம் உதிர்ந்த விடைகள் பல ஒன்றுசேரும்போது விளைவது என்ன என்பதற்கு நியூசிலாந்தின் அனுபவம் சான்றாகும். 1990களில் அந்நாட்டில் மத்தியதரைக்கடற் பாணியெனப்பட்ட வீடுகள் பெருவழக்காயின. இறவாரம் இல்லாத கூரை, தட்டையான மேல்மதில், சாந்து பூசிய தோற்றமுடைய புறச்சுவர் என்பன அவற்றின் இயல்பு. புறப்பலகைகள் மரச்சட்டத்தின்மீது இடைவெளியின்றி நேரடியாகப் பொருத்தப்பட்டன. அதே காலத்தில், பாதுகாப்பு மருந்தூட்டாத மரத்தைச் சட்டங்களுக்குப் பயன்படுத்தவும் இடமளிக்கப்பட்டது. உட்புகுந்த நீர் வெளியேற வழியின்றித் தங்கியது, மரம் உக்கியது. 2002 இல் வெளிவந்த ஹன் அறிக்கை இச்சிக்கலின் பரிமாணத்தை நாட்டுக்கு உணர்த்தியது. 2009 இற் செய்யப்பட்ட மதிப்பீடு ஒன்று பாதிப்புற்ற வீடுகளை ஏறத்தாழ 42,000 எனவும், செலவை 11.3 பில்லியன் நியூசிலாந்து டொலர் எனவும் கணித்தது.

இதனைத் தனியொரு நுண்வரைபின் தவறாகச் சுருக்குதல் நேர்மையாகாது. சட்டம், மேற்பார்வை, பொருள், தொழிற்றிறன் ஆகிய யாவும் இதிற் பங்குகொண்டன. எனினும் விமர்சன நோக்கில் ஓர் உண்மை முனைப்பாகத் தெரிகின்றது. இறவாரமற்ற கூரையிறுதி வறண்ட நாடொன்றில் தவறான விடையன்று. மருந்தூட்டாத மரம், நனையாத சுவரினுள் தவறான பொருளன்று. நேரடியாகப் பொருத்திய பலகையும் அகன்ற இறவாரத்தின்கீழ் பெருந்தீங்கு செய்யாதிருக்கலாம். ஒவ்வொன்றும் எங்கோ, ஏதோவொரு சூழலில் தேறிய விடையே. சூழலைக் களைந்து விடைகளை மட்டும் அடுக்கியமையே வீடுகளை உக்கச் செய்தது. அவ்வீடுகளில் வாழ்ந்தோர் ஆயுட்காலச் சேமிப்பையும், சிலர் உடல்நலத்தையும் இழந்தனர்.

இதைத் தொடர்ந்து அந்நாடு கண்ட பரிகாரம் ஒழுங்கமைப்புப் பற்றிய பாடமாகவும் அமைகின்றது. 2004 இல் திருத்தி வெளியிடப்பட்ட 'ஈ2/ஏஎஸ்1' என்னும் ஏற்புடைய தீர்வு, நுண்வரைபுகளைத் தருமுன் ஒரு புள்ளி அட்டவணையைத் தருகின்றது. காற்று வலயம், மாடிகளின் எண்ணிக்கை, கூரையும் சுவரும் சந்திக்கும் முறை, இறவாரத்தின் அகலம், புறவடிவின் சிக்கல், மேற்தள முற்றத்தின் அமைப்பு ஆகிய ஆறும் மதிப்பிடப்படும். ஒருமாடி வீட்டின் இறவாரம் 600 மில்லிமீற்றருக்கு மேல் நீண்டிருப்பின் அதற்கான இடர்ப்புள்ளி சுழியம். இறவாரம் குறையக் குறையப் புள்ளி ஏறும். கூட்டுத்தொகையைப் பொறுத்தே எந்தப் புறச்சுவர் தகும், இடைவெளி கட்டாயமா என்பன தீர்மானிக்கப்படும். கூட்டுத்தொகை 20 ஐத் தாண்டினால் ஆயத்த விடை கிடையாது. தனித்த வடிவமைப்பு வேண்டும்.

இங்கு நோக்கற்பாலது, தொகுப்பின் வாயிலிலேயே வினா நிறுத்தப்பட்டுள்ளமையாகும். வினாவைச் சந்திக்காமல் எவரும் விடையை எடுத்துச் செல்லவியலாது. அதனிலும் சிறப்பு, 'இதற்கு மேல் எம்மிடம் விடையில்லை' எனத் தொகுப்பே கூறுதல். மென்பொருட் தொகுப்பு எதுவும் இத்தகைய அடக்கத்தை இயல்பாகக் காட்டுவதில்லை. கேட்டவருக்கெல்லாம், கேட்ட கணத்திலேயே, கோட்டுப்படத்தை அது வழங்கிவிடுகின்றது.

6

காலமும் சூழலின் ஒரு கூறே என்பதற்கு இலங்கையிலேயே எடுத்துக்காட்டு உண்டு. ஜெப்ரி பாவாவின் கட்டிடங்கள் பலவற்றில் இடம்பெற்றுப் பின்னர் நாடெங்கும் எடுத்தாளப்பட்ட கூரை முறையொன்றில், நெளிந்த அஸ்பெஸ்ரஸ் சீமெந்துத் தகட்டின்மீது அரைவட்ட ஓடுகள் அடுக்கப்படும். மழையைத் தடுப்பது தகட்டின் பணி. வெயிலைத் தாங்குவதும் பழகிய ஓட்டுக்கூரைத் தோற்றத்தைத் தருவதும் ஓட்டின் பணி. மரபு வடிவமும் ஆலைப் பொருளும் ஒன்றன் குறையை மற்றது நிரப்பும் இவ்விணைப்பு, சிறந்த நுண்வரைபுக்குரிய இலக்கணம் அனைத்தும் பொருந்தியது.

ஆயின் அஸ்பெஸ்ரஸ் புற்றுநோய் விளைப்பது என்பது இன்று ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுள்ளது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் அதன் பயன்பாட்டுத் தடை 2005 இல் முழுமை பெற்றது. இந்நிலையில் அந்நுண்வரைபை என் செய்வது? தொகுப்பில் கோடுகள் மட்டும் இருப்பின் இரண்டே வழிகள் உள. ஒன்று, அதனை அப்படியே தொடர்தல். மற்றது, முழுமையாக நீக்குதல். முன்னையது தீங்கு, பின்னையது இழப்பு. காரணமும் உடன் எழுதப்பட்டிருப்பின் மூன்றாவது வழி தோன்றும். 'தகட்டின் பணி நீர் தடுத்தல்' என்ற குறிப்பு, அப்பணியைச் செய்யும் வேறு நெளிதகட்டைத் தேடுமாறு வழிகாட்டும். பொருள் இறந்த பின்னும் எண்ணம் பிழைக்கும்.

7

வினாவோடு கூடிய விடையைத் தொகுத்தல் இயலாத கனவன்று. கிறிஸ்தோபர் அலெக்சாண்டரும் அவருடைய குழுவினரும் 1977 இல் வெளியிட்ட 'ஏ பற்றர்ன் லாங்குவேஜ்' 253 அமைப்புகளைக் கொண்டது. ஒவ்வோர் அமைப்பும் தான் அடங்கும் பேரமைப்பைச் சுட்டித் தொடங்கும், சிக்கலைக் கூறும், தீர்வைக் கூறும், தன்னை நிறைவாக்கும் சிற்றமைப்புகளைச் சுட்டி முடியும். பெயருக்கருகில் இரு உடுக்குறிகள் இருப்பின் ஆசிரியர்க்கு அதில் முழு நம்பிக்கை. ஒன்று இருப்பின் ஓரளவு நம்பிக்கை. ஏதுமில்லையேல் அது சோதனை நிலையில் உள்ளது.

அந்நூலின் அமைப்புகள் பலவற்றில் ஆசிரியரின் தனிவிருப்பம் மனித இயல்பெனக் காட்டப்படுகின்றது என்ற குற்றச்சாட்டு நியாயமானதே. ஆயினும் அவற்றை ஒழுங்குசெய்த முறை நிலைபேறுடையது. 1994 இற் கணனி நிரலாளர் நால்வர் வெளியிட்ட 'டிசைன் பற்றர்ன்ஸ்' அம்முறையை நிரலாக்கத்துக்குக் கொண்டுசென்று பெருஞ்செல்வாக்குப் பெற்றது. கட்டிடக்கலையிற் பிறந்த எண்ணத்தை மென்பொருள் செய்வோர் தம் தொழிலுக்கு ஏற்றுக்கொண்டனர். கட்டிடக்கலைக்கென அவர்கள் செய்த மென்பொருளிலோ அதற்கு உரிய இடம் கிட்டவில்லை. இம்முரண் சிந்திக்கத்தக்கது.

இவற்றின் அடிப்படையில், நியம நுண்வரைபு ஒவ்வொன்றும் தன்னோடு கொண்டிருக்க வேண்டியவை தெளிவாகின்றன. அது எந்த விசைகளை எதிர்கொள்கின்றது, எக்காலநிலைக்கும் எப்பொருளுக்கும் உரியது, எங்கே பொருந்தாது, எக்கட்டிடங்களிற் பயன்பட்டது, அங்கு சில பருவமழைகளுக்குப் பின் அதன் நிலை யாது, யார், எப்போது சரிபார்த்தார், எப்போது மீளாய்வு செய்தல் வேண்டும் என்பனவே அவை. இவற்றுள் இறுதி மூன்றும் வரைகூடத்திற் கிடைப்பன அல்ல. கட்டி முடித்த இடத்துக்குத் திரும்பிச் சென்று சுவரைத் தொட்டுப் பார்ப்பவரிடமே கிடைப்பன. அவ்வாறு திரும்பிச் செல்லாத அலுவலகம் தொகுப்பது அனுபவத்தை அன்று, பழக்கத்தையே.

இவ்வளவு குறிப்புகளையும் எழுதுவதற்கு அலுவலகத்தில் நேரமேது, எழுதினும் அவற்றை வாசிப்பவர் யார் என்ற எதிர்வாதம் எழும். அது புறக்கணிக்கத்தக்கதன்று. நிபந்தனைகள் மலிந்த தொகுப்பு எவராலும் எடுத்தாளப்படாது போதல் கூடும். அப்போது வரைஞர் பழைய கட்டிடமொன்றின் கோப்பைத் திறந்து வேண்டியதை வெட்டியெடுப்பர். அது எல்லாத் தொகுப்பினும் கீழான தொகுப்பு. இதற்கு விடை, தொகுப்பைச் சுருக்குதலே. ஆயிரம் பெயரற்ற வரைபுகளிலும் காரணம் எழுதப்பட்ட அறுபது வரைபுகள் பயன் மிக்கவை. மூலம் திருத்தப்படும்போது பிரதி தானே மாற வேண்டுவதில்லை. 'மூலம் திருத்தப்பட்டுள்ளது' என்ற அறிவிப்பு பிரதியை வைத்திருப்பவரை எட்டினாற் போதும். மாற்றுவதா விடுவதா என்ற முடிவு ஒப்பமிடுபவருடையதாகவே இருக்கும். சதர்லாந்தின் உறவும் காக்கப்படும், தொழிற்பொறுப்பும் காக்கப்படும்.

இவ்விடத்திற் கல்விக்கும் ஒரு பங்குண்டு. கட்டிடக்கலை மாணவர் தொகுப்பிலிருந்து ஒரு நுண்வரைபை எடுத்து இணைக்கும்போது, அதன் ஒவ்வொரு கோட்டுக்கும் பணி கூறுமாறு கேட்டல் ஆசிரியர் கடன். கூற இயலாத கோடு வரைபடத்தில் இருக்கலாம். கட்டிடத்தில் இருத்தல் ஆகாது.

மென்பொருளின் குற்றமென இதனை முடித்தல் எளிது. ஆனால் காரணத்தை எழுதுவதற்கான இடம் எந்த மென்பொருளிலும் ஒருவாறு உண்டு. அது வெறுமையாகக் கிடக்கின்றது என்பதே உண்மை. கோட்டை வரைவதற்குக் கூலி உண்டு. காரணத்தை எழுதுவதற்குக் கூலியில்லை. இந்நிலை மாறும்வரை தொகுப்புகள் பெருகும். அவற்றின் தேடுமுறைகள் விரைவுபெறும். சுவர்களில் ஈரமும் ஊறும்.